கஞ்சி உருண்டை

காலை ஆறு மணி பதினேழு நிமிடம். அந்த நேரத்தில் என் காதில் போன் இருந்ததால் அது நிச்சயமாகத் தெரியும். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மனைவி, கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தினமும் ஒரு போன் செய்வாள். மாடியில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அவளோடு பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கி வந்தேன். காலையில் கண் விழித்ததும் மகளின் ஹாம்ஸ்டரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

"பால் பொங்கிடப் போவுது, அடுப்பப் பாருங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நடையில் இருந்த ஹாம்ஸ்டர் பெட்டியின் மூடி ஒரு பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது.

கையை உள்ளே விட்டேன். கிழித்துப் போட்ட காகிதக் குவியலை அடிவரை துழாவினேன். அது தோண்டி வைத்திருந்த வளை காலி. மூலையில் அது சேர்த்து வைத்த தினை மட்டும் ஒரு பிடி கிடந்தது. அது ஓடி விளையாடும் சக்கரம் அசையாமல் நின்றது.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். பாத்துக்குறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை.

எங்களுடையது நெசவு வீடு. கீழே அண்ணன் குடும்பமும் இரண்டு தறிகளும். மாடியில் நாங்கள் மூன்று பேர். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஐந்தாவது படிக்கிற மகள் நாய் கேட்டாள். நாய்க்கடி, தடுப்பூசி, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று பத்துக் காரணம் சொல்லி மறுத்தேன். அவள் அழவில்லை. அடுத்த மாதம் ஹாம்ஸ்டர் கேட்டாள். கைக்குள் அடங்குகிற உயிர்தானே, இதில் என்ன ஆபத்து வந்துவிடும் என்று சென்னையிலிருந்து வாங்கி வந்தோம். வந்த அன்று இரவே நான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, கைக்குள் அடங்குகிற உயிருக்கு எத்தனை வழியில் சாவு வரும் என்று தெரிந்தது.

கடைக்காரர் கொடுத்த கம்பிக்கூண்டு போதாது. அது ஓட இடமில்லாமல் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். அதனால் புடவை அடுக்கி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, மூடியில் சதுரமாக வெட்டியெடுத்து, கம்பிவலை பொருத்தினேன். கம்பிப் படிகள் உள்ள சக்கரத்தில் கால் மாட்டி ஒடியும். தட்டையான சக்கரம் வாங்கினேன். மரத்தூள் வாசனை மூச்சுக்கு ஆகாது. பழைய வினாத்தாள்களைக் கிழித்து ஒரு சாண் ஆழத்துக்குப் போட்டேன். தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது, மண்ணில்தான் புரளும் என்று படித்துவிட்டு, பாலாற்று மணலைச் சலித்து இரும்புச் சட்டியில் வறுத்தேன். "மனுஷனுக்கு உப்புமா கிளறச் சொன்னா முடியாது" என்றாள் மனைவி. தினை, சாமை, வரகு, வாரத்தில் இரண்டு நாள் நகக்கண் அளவு வேகவைத்த முட்டை, கொஞ்சம் வெள்ளரிக்காய். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, சாக்லேட் கூடவே கூடாது. கோயிலிலிருந்து வரும் மிளகு இட்லியில் ஒரு துண்டைக்கூட யாரும் போடக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். சொன்னேன் என்றால், சத்தம் போட்டுச் சொன்னேன்.

அண்ணி ஒரு நாள் தறியில் அறுந்து விழும் கழிவுப் பட்டு நூலை மெத்தைபோலச் சுருட்டிக்கொண்டு வந்தாள். "காஞ்சிபுரத்து எலிதானே, பட்டுல படுக்கட்டுமே" என்றாள். நூல் காலில் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிவிடும் என்று நான் பாடம் எடுத்தேன். அவள் நூலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "இன்னாடா வாத்தியாரே, எலிக்கு சிலபஸ் போட்டுக்கினு இருக்கியா?"

"இது எலி இல்லண்ணா."

"வாலு இல்லாத எலி. ஒரே வூட்ல எலி புடிக்கிற பொறியும் இருக்குது, எலி வளக்கிற பொட்டியும் இருக்குது. இந்தத் தெரு எலிங்கல்லாம் குழம்பிப் போயிடும்பா."

சித்திரை வந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். மாடியில் தளம் சுட்டது. வெயில் அதிகமானால் ஹாம்ஸ்டர் மயங்கிச் செத்துப்போகும். ஈர மண்சட்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன், போதவில்லை. நெசவு வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான். பட்டு நூல் காய்ந்தால் அறுந்துபோகும் என்று, தறியறையை எப்போதும் ஈரமாக வைத்திருப்பார்கள். அண்ணன் காலையும் மாலையும் தரையில் தண்ணீர் தெளிப்பான். தறியறைக்கு வெளியே இருக்கிற நடையில்கூட அந்தக் குளுமை இருக்கும். பெட்டியை அங்கே இறக்கி வைத்தோம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தக் காலை, பெட்டி காலி என்று தெரிந்ததும் நான் பின்கட்டுக்கு ஓடினேன். அண்ணன் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, எலி காணோம்."

வாய் நிறைய நுரையோடு சிரித்தான். "நீயே எலின்னு சொல்லிட்ட பாரு."

"மூடியில ஒரு கிளிப்பு சரியா மாட்டல போல. தறியறைக் கதவு வேற ஒருக்களிச்சு இருக்குது."

சிரிப்பு நின்றது. நுரை தாடையில் வழிவது அவனுக்குத் தெரியவில்லை. பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தள்ளிவிட்டு ஓடினான்.

"உள்ள போவாதடா! மருந்து வெச்சிருக்கேன்."

முந்தின நாள்தான் தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான புதுப் பாவு வந்திருந்தது. கல்யாணப் புடவைக்கான அரக்கு நிறப் பாவு. பாவுநூலைத் தெருவில் நீளமாகக் கட்டி அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைத்துத்தான் தறிக்குக் கொண்டு வருவார்கள். அந்தக் கஞ்சி வாசனைக்கு எலி வரும். ஒரு எலி ஒரு இரவில் கடித்தால் நூற்றுக்கணக்கில் இழைகள் போய்விடும். அதனால் புதுப் பாவு தறிக்கு வரும்போதெல்லாம் அண்ணன் எலிமருந்து வைப்பான். எலிமருந்துக் கட்டியை அப்படியே வைத்தால் எங்கள் வீட்டு எலிகள் சீண்டாது. அவை கஞ்சிக்கு வருகிறவை. ஆகவே கட்டியை நுணுக்கி, மிச்சமான கஞ்சிச் சோற்றில் வெல்லத்தோடு பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி வைப்பான். இது எங்கள் அப்பா காலத்திலிருந்து நடப்பது. எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும், பெட்டியைக் கீழே இறக்கியபோது என் நினைவுக்கு வரவில்லை. பூனை, வெயில், எறும்பு, நூல் என்று எத்தனையோ வந்தது.

அண்ணன் தறிக்கு அடியில் குனிந்தான். மூலையில் பார்த்தான். நெய்யும்போது காலைத் தொங்கவிடும் குழியின் ஓரத்தில் பார்த்தான். மறுபடியும் மூலைக்குப் போனான்.

"ஒண்ணு காணோம்" என்றான்.

"எதுனா எலி தூக்கிக்கினு போயிருக்கும்" என்றாள் அண்ணி வாசற்படியில் நின்றபடி. மாடியிலிருந்து பால் பொங்கித் தீய்ந்த நாற்றம் இறங்கி வந்தது. யாரும் மேலே போகவில்லை.

அந்த நாற்றத்தில்தான் மகள் எழுந்திருக்க வேண்டும். படிக்கட்டில் நின்று எங்கள் மூவர் முகத்தையும் பார்த்தாள். எதுவும் கேட்காமல் மேலே ஓடிப் போய், ஒரு எவர்சில்வர் மூடியும் சூரியகாந்தி விதையும் எடுத்து வந்தாள். விதையை மூடியில் போட்டுக் குலுக்கினாள். அதற்கு அது பழக்கப்பட்ட சத்தம். தறியறை வாசலில் மண்டியிட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். அது செத்துக் கிடப்பதை அவள் முதலில் பார்த்துவிடக் கூடாது என்பது மட்டுமே என் மனசில் இருந்தது.

குறுக்கே நெய்யும் ஊடைநூல் சுற்றிய குச்சிகள் போட்டு வைக்கும் மூங்கில் கூடை அசைந்தது. அதிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு மூக்கு வந்தது.

நான் பாய்ந்து எடுத்தேன். உயிரோடுதான் இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வலது கன்னம் மட்டும் கோலிகுண்டு வைத்ததுபோல் புடைத்திருந்தது. அதைப் பிதுக்கி வெளியே எடுக்கக் கட்டைவிரலை வைத்தேன்.

"அப்பா, அழுத்தாத!" மகள் கத்தினாள். "முழுங்கல. கன்னத்துல பைக்குள்ள தான் வெச்சிருக்குது. வளைக்குப் போய் வெளிய எடுத்துட்டு அப்புறம்தான் தின்னும். அழுத்தினா உள்ள போயிடும்."

விரலை எடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

"அது புது எடத்துல எதையும் வாயில வெக்காதில்ல" என்றேன் நான், யாரிடம் என்றில்லாமல். "பாவக்கா மாதிரி ஒண்ணு குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டு விட்டுடுமே. இத எப்படி எடுத்துது?"

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் சொல்லாமல், மகளிடம் சொன்னான்.

"பாப்பா, நான் தெனம் சாயந்தரம் அதுக்கு ஒரு உருண்டை குடுப்பேன்மா. மருந்து இல்லாதது. வெறும் கஞ்சிச் சோறு, துளி வெல்லம். வலை வழியா நீட்டினா ரெண்டு கையாலயும் வாங்கிக்கும். அதே வாசனைம்மா இதுவும். அதான் எடுத்திருக்குது."

"எனக்குத் தெரியும் பெரியப்பா" என்றாள் அவள். "அதோட வளைல காஞ்ச சோறு கெடக்கும். நான்தான் தெனம் பொறுக்கிப் போடுவேன்."

"தெரியுமா? ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீ சத்தம் போடுவ."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டுகிற குரலில்கூட இல்லை. வெயில் அடிக்கும் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

அதைப் பெட்டிக்குள் விட முடியாது. வளைக்குள் போய் உருண்டையை எடுத்துத் தின்றுவிடும். கையில் வைத்திருந்தால் மிரண்டு விழுங்கிவிடலாம். மகள் சொன்னபடி ஒரு எவர்சில்வர் வாளியில் வெள்ளைத் துண்டை விரித்து அதை விட்டோம். மேலே ஒரு துணியால் பாதி மூடினோம். நான் போனை எடுத்தேன். நகரத்தில் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் மாடு ஆடு பார்க்கிறவர்கள். என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் செவிலிமேட்டில் இருக்கும் ஒரு டாக்டரம்மாவின் எண்ணைக் கொடுத்தார். டாக்டரம்மா உடனே எடுத்தார். பின்னால் ஒரு மாடு கத்துகிற சத்தம்.

"திருமுக்கூடல் பக்கம் ஒரு பிரசவத்துல இருக்கேன் சார். கன்னுக்குட்டி கால் மடங்கிக் கெடக்குது. சொல்லுங்க, சீக்கிரம்."

சொன்னேன்.

"கன்னத்தப் பிதுக்காதீங்க. தின்ன ஒண்ணும் குடுக்காதீங்க. தானா வெளிய துப்பினா எடுத்து பத்திரமா வைங்க. எலிமருந்து அட்டை இருந்தா அதையும் கொண்டாங்க. நான் வூட்டுக்கு வந்ததும் கூப்புடுறேன்."

நாங்கள் வாளியைச் சுற்றி உட்கார்ந்தோம். பெரியவர்கள் மூன்று பேர், ஒரு குழந்தை. துணி இடுக்கு வழியாக அதன் முதுகு தெரிந்தது. தெருவில் யாரோ பாவு விரிக்கக் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் திரும்பவில்லை. கன்னம் அப்படியே புடைத்திருந்தது. ஒவ்வொரு முறை அதன் தொண்டை அசையும்போதும் நான் குனிந்து கன்னத்தைப் பார்த்தேன்.

பிறகு அது முன்னங்கால் இரண்டையும் கன்னத்தின் பின்பக்கம் வைத்து முன்னே தள்ளியது. இரண்டு தினை விழுந்தது. இன்னொரு முறை தள்ளியது. ஈரமான உருண்டை துண்டின்மேல் விழுந்தது. அது குனிந்து அதை முகர்ந்தது. மகளின் கை உள்ளே போய் உருண்டையைத் தள்ளிவிட்டது.

"தொடாத!" நான் போட்ட கத்தலில் அது வாளிச் சுவரில் மோதி விழுந்தது. அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கை சிவந்த பிறகும் தேய்த்தேன். "வலிக்குதுப்பா" என்றாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் அந்த உருண்டையை ஒரு காகிதத்தில் எடுத்து வைத்து, பக்கத்தில் புதிதாக ஒன்று உருட்டி வைத்திருந்தான். அவன் உருட்டுகிற அளவு மாறவே மாறாது. வருஷக்கணக்காக ஒரே கை. இரண்டையும் பார்த்தோம். வாயிலிருந்து வந்தது ஒரு பக்கம் சிறுத்திருந்தது.

"எச்சில்ல கரைஞ்சிருக்கும்" என்றாள் அண்ணி.

"பல்லு பட்ட மாதிரி இருக்குது" என்றான் அண்ணன்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கரைந்ததா, கடித்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

வெயில் ஏறுவதற்குள் டாக்டரம்மா கூப்பிட்டுவிட்டார். மகள் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து, ஹாம்ஸ்டரைப் போட்ட டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டாள். செவிலிமேடு வரை நான் எந்தப் பள்ளத்திலும் வண்டியை இறக்கவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய் முந்திக்கொண்டு போனது. டாக்டரம்மாவின் செருப்பில் சாணமும் ரத்தமும் காயாமல் இருந்தன. கன்று பிழைத்ததா என்று கேட்கத் தோன்றியது. கேட்கப் பயமாக இருந்தது.

மருந்து அட்டையைப் படித்தார். யாரோ தோழிக்குப் போன் செய்து, எடை சொல்லி, அளவு கேட்டுக்கொண்டார். பஞ்சு சுற்றிய குச்சியை நனைத்துக் கன்னப் பையை உள்ளே துடைத்தார். துளி துளியாக மருந்து விட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் மாடு ஆடு பாக்குறவ சார். முடிஞ்சத பண்ணியிருக்கேன். இந்த எலிமருந்து உடனே கொல்லாது. ரத்தம் உறையாமப் பண்ணிடும். ரெண்டு மூணு நாள் நல்லாத்தான் ஓடிக்கினு இருக்கும். அப்புறம் ஈறுல, மூக்குல, ஒண்ணுக்குப் போறதுல ரத்தம் வரும். உள்ளுக்குள்ள கசிஞ்சா வெளிய தெரியாமக்கூடப் போவும். தெனம் இந்த சொட்டு மருந்த குடுங்க. ஒரு வாரம் தாண்டிடுச்சுன்னா பயமில்ல. உங்க பக்கத்துத் தெருவுல ஒரு மாடு பாக்க வரணும், அப்ப நானே வந்து பாக்குறேன்."

கதவருகே போனபோது மறுபடி கூப்பிட்டார். "பீட்ரூட்டு கீட்ரூட்டு குடுத்துடாதீங்க. ஒண்ணுக்கு செவப்பா போவும், அதப் பாத்து நாம பயந்துடுவோம்."

மனைவியிடம் சாயந்தரம்தான் சொன்னேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். "அப்ப காலைல போன் வெக்கும்போதே தெரியும். என்கிட்ட மறைச்சிட்டீங்க."

"பஸ்ல போறப்ப எதுக்கு பயமுறுத்தணும்னு..."

"நீங்க பயப்படாம இருந்த நாள் ஒண்ணு சொல்லுங்க" என்றாள். அப்புறம் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

காகிதத்தை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளைத் துணி போட வேண்டும், அப்போதுதான் ரத்தம் தெரியும் என்று யோசித்தேன். வீட்டில் இருந்த வெள்ளைத் துணி எல்லாம் பழுப்பேறியிருந்தது. அண்ணன் தன் பெட்டியிலிருந்து கரையில்லாத புது வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனான். நூல் பிரியாமல் இருக்க அண்ணி ஒவ்வொரு துண்டுக்கும் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். நான் எதுவும் சொல்லாமலே செய்தாள்.

அந்த வாரத்தை எப்படிச் சொல்வது? அது நன்றாகத்தான் இருந்தது. ஓடியது, மணலில் புரண்டது, தினை தின்றது. டாக்டரம்மா சொன்னது அதனால்தான் இன்னும் அதிகமாக உறுத்தியது. நல்லாத்தான் ஓடிக்கினு இருக்கும். அது சக்கரத்தில் ஓடும் சத்தம் கேட்டால், இந்த ஓட்டம் எதற்கும் அத்தாட்சி இல்லை என்று நினைப்பேன். சத்தம் நின்றால் இறங்கிப் போய் டார்ச் அடிப்பேன். மகள் தினமும் காலையில் துணியை எடுத்து ஜன்னலோரம் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். அவள் பார்த்து முடித்துத் தலையாட்டும்வரை நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் மிச்ச உருண்டைகளை எல்லாம் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்து, மேலே கல்லை வைத்தான். பாவு தறியில் ஏறாமல் சுருட்டியபடியே தொங்கியது; எலி கடிக்காமல் தன் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று பாவுக்குப் பக்கத்திலேயே படுத்தான். ஆனால் பெட்டிப் பக்கம் மட்டும் வரவில்லை. நடை வழியாகப் போக வேண்டியவன் பின்கட்டைச் சுற்றிக்கொண்டு போனான். சாயந்தரம் அவன் தண்ணீர் தெளிக்கும் நேரத்தில் அது வலையின் கீழ் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை நானும் மகளும் பார்த்தோம். அவனும் கதவிடுக்கில் பார்த்திருப்பான்.

ஒரு காலை மகள் பல் தேய்த்துத் துப்பியதில் நுரை சிவப்பாக இருந்தது. அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி வாயைப் பிளந்தேன். விரலால் தொட்டாளே, அந்த விரலை வாயில் வைத்தாளா, சோப்புப் போடும் முன் கண்ணைத் துடைத்தாளா என்று எல்லாம் ஒரே நொடியில் ஓடியது. அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "ஆடுற பல்லுப்பா. நேத்தே சொன்னேன்ல." கடைவாயில் ஒரு பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. நேற்று அவள் சொன்னது உண்மைதான். நான் அப்போது பெட்டிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

வாரத்தின் நடுவில் எங்கள் தெருவில் சாமி வந்தது. தவிலும் நாதஸ்வரமும் நெருங்க நெருங்க அது துணிக்கு அடியில் போய் ஒடுங்கியது. அதிர்ச்சியில் உள்ளே ஏதாவது அறுந்து கசியுமோ என்று ஜன்னல்களைச் சாத்தினேன். மகள் வாசலுக்கு வரமாட்டேன் என்று பெட்டிமேல் போர்வையைப் போட்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். அண்ணி கற்பூரத் தட்டோடு ஓடினாள். வாசலில் வெடி வெடித்தபோது நடையில் எங்களுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அண்ணன். சாமி பார்க்கப் போகவில்லை. வெடிச்சத்தம் ஓய்ந்ததும் கேட்டான்.

"மூச்சு வருதாடா?"

"வருது."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

கடைசி இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு நிகழ்தகவு தெரியும். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு வாரம் தாண்டினால் பயமில்லை என்றார் டாக்டரம்மா. அப்படியானால் தாண்டுவதற்கு முன்னால் இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பயம்தானே. ஹாம்ஸ்டர் போய்விட்டால் மகள் அழுவாளா, அண்ணனோடு பேசாமல் இருப்பாளா, அல்லது அழாமலே இருந்துவிடுவாளா? மூன்றாவதுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது. நாய் வேண்டாம் என்றபோது அவள் அப்படித்தான் இருந்தாள்.

வாரம் முடிந்த அன்று மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. டாக்டரம்மா தோளில் பையோடு உள்ளே வந்தார். லீவு போட்டுவிட்டு மனைவியும் வீட்டில் இருந்தாள். எல்லோரும் நடையில் கூடிவிட்டோம். அண்ணன் மட்டும் தறியறை வாசற்படியைத் தாண்டாமல் நின்றான்.

"தூங்குதா? எழுப்புவோம்" என்று டாக்டரம்மா உள்ளே கையை விட்டு, வெள்ளைத் துணியோடு சேர்த்து அதை வாரி எடுத்தார். மடியில் வைத்தார். மல்லாத்தினார். அது கால்களை உதைத்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். உதட்டை விரலால் விலக்கி ஈறைப் பார்க்கக் குனிந்தார். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. இதற்கு முன் அது அப்படிச் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதே இல்லை.

துணியில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. முதல் புள்ளி மெதுவாகப் பரவியது.

மகள் என் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்தாள். அண்ணன் வாசற்படியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டான். "வந்துடுச்சா?" என்றான்.

டாக்டரம்மா அதை மெதுவாக மகளின் கையில் வைத்துவிட்டு, தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். நகத்துக்குக் கீழே இரண்டு பல் ஆழமாகப் பதிந்து ரத்தம் வழிந்தது.

"யாரும் பயப்படாதீங்க" என்றார். "இது என் ரத்தம். அதுக்கு ஒண்ணும் இல்ல, இன்னா கடி கடிக்குது பாருங்க. யாராச்சும் கொஞ்சம் பஞ்சு குடுங்கம்மா."